லாக்கர்பி பற்றிய இரண்டு தொடர்கள்: துவைத்துத் திருப்பிக் கொடுத்த துணிகள்

ஊஞ்சல்பலகை | ஆகஸ்ட் 8, 2025, இரவு 11.20

நெட்ஃபிளிக்ஸில் ஜூலை 30 அன்று வந்த 'தி பாம்பிங் ஆஃப் பான் ஆம் 103' தொடரை யாராவது பார்த்தீர்களா? ஆறு பாகம். பிபிசியில் மே மாதமே வந்துவிட்டது, நமக்கு இப்போதுதான் கிடைத்தது. ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்குப் பிறகு விமானம் சம்பந்தப்பட்ட எதையும் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். தங்கை விடவில்லை. பார்த்து முடித்து இரண்டு நாள் ஆகிறது, இன்னும் அதிலேயே இருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1988 டிசம்பர் 21 மாலை, லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கிளம்பிய, பான் ஆம் என்ற அமெரிக்க விமானக் கம்பெனியின் போயிங் 747 அது. கிளம்பி 38 நிமிடத்தில் ஸ்காட்லாந்தின் தெற்கே லாக்கர்பி என்ற சின்ன ஊருக்கு மேலே, 31,000 அடி உயரத்தில் வெடித்துச் சிதறியது. அடியில் பெட்டிகள் ஏற்றும் இடத்தில் ஒரு சூட்கேஸ், அதற்குள் ஒரு தோஷிபா ரேடியோ கேசட், அதற்குள் வெடிமருந்து. விமானத்தில் இருந்த 259 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இறக்கைப் பகுதி எரிபொருளோடு ஷெர்வுட் கிரசென்ட் என்ற தெருவில் விழுந்ததில் அங்கே வீட்டில் இருந்த 11 பேரும் போனார்கள். மொத்தம் 270. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள்தான் இருந்தது. சிராகியூஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மட்டும் 35 பேர், ஒரு பருவம் வெளிநாட்டில் படித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள்.

தொடர் பெரும்பாலும் குண்டு வைத்தது யார் என்பதைத் துரத்திப் போகிறது. பிரிட்டனின் மிகச் சிறிய போலீஸ் படை ஒன்று, திடீரென்று பிரிட்டன் வரலாற்றிலேயே மிகப் பெரிய கொலை வழக்கைத் தலையில் சுமக்கிறது. விசாரணைத் தலைவர் ஜான் ஓர் என்பவராக பீட்டர் முல்லன் நடித்திருக்கிறார். அதெல்லாம் சரி, நன்றாகவே இருக்கிறது. ஆனால் எனக்கு நெஞ்சில் நின்றது வேறு. வயல்களிலும் காடுகளிலும் பொறுக்கிய துணிகளை லாக்கர்பி பெண்கள் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். இது கதைக்காகச் சேர்த்தது இல்லை, நிஜமாகவே நடந்தது. யாரும் உத்தரவு போடவில்லை. ஊர்ப் பெண்கள் தாங்களாகவே போய்ப் போலீஸிடம் கேட்டுச் செய்தார்கள். பல மாதங்கள் செய்தார்கள்.

விமான எரிபொருள் கிட்டத்தட்ட மண்ணெண்ணெய்தான். மண்ணெண்ணெய் கொட்டிய போர்வையை ஒரு தடவை துவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் அலசில் போகாது. சோப்பை மாற்றிப் போட்டு மறுபடி ஊற வைத்தால் தண்ணீரின் மேல் வானவில் மாதிரி ஏடு மிதக்கும். வெயிலில் காயப் போட்டு எடுத்தால் போய்விட்டது போல இருக்கும், முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனால் அப்படியே இருக்கும். ஸ்காட்லாந்தில் டிசம்பர் ஜனவரியில் வெயில் எங்கே? அந்த நாற்றம், அதோடு சேறு, ரத்தம். அந்தப் பெண்கள் அதைக் கையால் தொட்டுத் துவைத்தார்கள். யாரென்றே தெரியாத ஒரு பையனுடைய ஜீன்ஸை, ஒரு குழந்தையின் சட்டையை.

அந்தக் காட்சியை மூன்று தடவை பார்த்தேன். பார்த்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள், எழுதுங்களேன்.

வழக்காடி | ஆகஸ்ட் 9, காலை 7.05

பார்த்தேன் மேடம். நீங்கள் சொல்லும் காட்சி நல்ல காட்சி, மறுக்கவில்லை. ஆனால் தொடராக எடுத்துக்கொண்டால் ஜனவரியில் வந்த ஸ்கை தயாரிப்பு 'லாக்கர்பி: எ சர்ச் ஃபார் ட்ரூத்' இதைவிட ஒரு படி மேல் என்பது என் கட்சி. ஐந்து பாகம், கோலின் ஃபிர்த். மகள் ஃப்ளோராவை இழந்த டாக்டர் ஜிம் ஸ்வயரின் கதை. ஃப்ளோராவுக்கு மறுநாள் 24-வது பிறந்தநாள்.

அந்த மனிதர் செய்ததை யோசித்துப் பாருங்கள். பாதுகாப்பு இன்னும் ஓட்டைதான் என்று காட்ட 1990-இல் ஒரு போலி வெடிகுண்டைத் தானே செய்து, பெட்டியில் வைத்து, ஹீத்ரோவில் விமானம் ஏறி நியூயார்க் வரை போனார். யாரும் பிடிக்கவில்லை. அடுத்த வருடம் லிபியாவுக்குப் போய் கடாஃபியையே நேரில் பார்த்து, குற்றம் சாட்டப்பட்ட உங்கள் ஆட்களை விசாரணைக்கு ஒப்படையுங்கள் என்று கேட்டார். கிளம்பும்போது கடாஃபியின் சட்டையில் உண்மை வெளிவர வேண்டும் என்று எழுதிய பேட்ஜைக் குத்திவிட்டு வந்தார். ஒரு ஊர் டாக்டர்!

அப்புறம் 2001 ஜனவரி 31. தீர்ப்பு வாசிக்கும்போது நீதிமன்றத்திலேயே மயங்கி விழுந்தார். குற்றவாளி இவர்தான் என்று அறிவிக்கப்பட்ட லிபியர் அல்-மெக்ராஹி அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை என்று நம்பத் தொடங்கினார். தன் மகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவருக்காகவே வாதாட ஆரம்பித்தார். ஒரு தகப்பன் இந்த இடத்துக்கு வந்து சேர்வதைவிடப் பெரிய நாடகம் எதுவும் இல்லை. துணி துவைப்பது ஆறுதல். உண்மை அதைவிடப் பெரிது.

நொய்யல்கரை | ஆகஸ்ட் 9, காலை 9.48

வணக்கம். நான் திருப்பூரில் இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் இந்த வழக்கே துணியால் துலங்கிய வழக்கு. ஊஞ்சல் அக்கா ஒரு துணியைச் சொல்கிறீர்கள், வழக்காடி சார் இன்னொரு துணியின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டும் ஒரே வயலில் பொறுக்கியவை.

எப்படி என்று சொல்கிறேன். சிதறல்கள் விழுந்த பரப்பு 845 சதுர மைல். போலீஸும் ராணுவமும் தன்னார்வலர்களும் வரிசை கட்டி நின்று நடந்தார்கள். அவர்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: கல்லாகவும் இல்லை, முளைத்து வளர்ந்ததாகவும் இல்லை என்றால் எடுத்துப் பையில் போடு. அப்படி வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான பொருட்களில், கருகி, வெடிமருந்தின் தடம் பதிந்த சில துணித் துண்டுகள் தனியாகத் தெரிந்தன. குண்டு இருந்த சூட்கேஸுக்குள்ளேயே இருந்தவை. ஒரு பேண்ட், ஒரு சட்டை, ஒரு டுவீட் கோட்டு, ஒரு குடை, அப்புறம் கைக்குழந்தைக்குப் போடும் நீல நிற முழு உடுப்பு.

அந்தக் குழந்தை உடுப்பின் லேபிளில் மால்டா என்று இருந்தது. பேண்ட்டில் யார்க்கி என்ற கம்பெனி லேபிள், கூடவே 1705 என்று ஒரு ஆர்டர் எண். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது போதும். கட்டிங் டேபிளில் துணி வெட்டும்போதே லாட்டுக்கு எண் போட்டுவிடுவோம். எந்த ரோல் துணி, எந்த ஆர்டர், எந்த வாரம் தைத்தது, எந்தக் கடைக்குப் போனது எல்லாம் ரெஜிஸ்தரில் இருக்கும். சாயம் மாறிப் போய் மால் திரும்பி வந்தால் யார் கையால் வந்த தப்பு என்று கண்டுபிடிக்கத்தான் அந்த எண். மால்டாவில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியும் தன் ரெஜிஸ்தரைத் திறந்து பார்த்தது. அந்த ஆர்டர் போன இடம் ஸ்லீமாவில் மேரீஸ் ஹவுஸ் என்ற ஒரு துணிக்கடை. 1989 செப்டம்பரில் ஸ்காட்லாந்துப் போலீஸ் அந்தக் கடை வாசலில் போய் நின்றது.

அதோடு முடியவில்லை. சட்டையின் கழுத்துப்பட்டித் துண்டு ஒன்றில் விரல் நகம் அளவுக்கு ஒரு சர்க்யூட் போர்டுத் துணுக்கு சிக்கியிருந்தது. டைமரின் துணுக்கு. அதைப் பிடித்துக்கொண்டு ஸ்விட்சர்லாந்தில் மெபோ என்ற கம்பெனி வரை போனார்கள்.

ஒரு பேண்ட் லேபிளை நான் வாழ்நாளில் லட்சக்கணக்கில் அப்ரூவல் பண்ணியிருப்பேன். தொடரில் அந்த லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் இடம் வந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஊஞ்சல்பலகை | ஆகஸ்ட் 9, காலை 10.30

தம்பி, இதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் தவித்தேன். கருகியது போலீஸுக்குப் போனது, கருகாதது துவைக்கப் போனது. பிரிப்பதற்கு முன்னால் எல்லாம் ஒரே குவியல்தான். வயலில் குனிந்து எடுத்தவருக்கு எது எது என்று தெரியாது.

குறுக்குத்துறை | ஆகஸ்ட் 9, பகல் 12.15

எல்லோரும் துவைத்ததைப் பெரிதாகப் பேசுகிறீர்கள். எனக்கு அந்தக் காட்சியில் கோபம்தான் வந்தது. ஏன் என்று சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள்.

என் தம்பி 2009-இல் போனான். பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடக்கும்போது லாரி. மார்ச்சுவரியிலிருந்து அவன் உடம்பைக் கொடுத்த பிறகு, ஒரு ஊழியர் பின்னாலேயே ஓடி வந்து கறுப்புப் பாலித்தீன் கவர் ஒன்றை என் கையில் திணித்தார். உள்ளே சட்டை, பேண்ட், பெல்ட், ஒரு செருப்பு. ரசீதும் இல்லை, பேரும் எழுதவில்லை. வாயைக் கட்டக்கூட இல்லை. ஆட்டோவில் அது என் மடியில் இருந்தது.

பேண்ட்டை எரித்துவிட்டோம். அவன் சட்டையை அம்மா பெட்டியில் வைத்திருக்கிறார். துவைக்கவில்லை. துவைக்க விடவும் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் வீட்டில் வைக்கக் கூடாது, ஆற்றில் விடு என்று சொன்னார்கள். அம்மா பதிலே சொல்லவில்லை.

அந்தச் சட்டையை யாராவது அம்மாவைக் கேட்காமல் துவைத்துக் கொடுத்திருந்தால்? அதில் இருந்த அவன் வாசமும் போயிருக்குமே. நல்ல மனதோடுதான் செய்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டார்களா?

மீனம்பாக்கத்தான் | ஆகஸ்ட் 9, மதியம் 2.40

குறுக்குத்துறை தம்பிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் அம்மா செய்தது சரி.

நான் விமான நிலையத்தில் கிரவுண்ட் ஹேண்ட்லிங்கில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு இந்தத் தொடரைப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. இது மூன்றாவது தடவை, எப்படி விட்டார்கள்?

1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் வெடித்ததும் பெட்டிதான். கொழும்பு விமானத்துக்கு லக்கேஜ் போட்ட ஆள் விமானம் ஏறவில்லை. பெட்டி நிலையத்திலேயே நின்று வெடித்து 30 பேருக்கு மேல் போனார்கள். அடுத்த வருடம் ஜூன் 23, ஏர் இந்தியா கனிஷ்கா. வான்கூவரில் பெட்டியைப் போட்டவன் ஏறவில்லை. பெட்டி மட்டும் மாறி மாறி வந்து கனிஷ்காவில் ஏறியது. அயர்லாந்துக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலுக்கு மேல் 329 பேர். அதற்கும் மூன்றரை வருடம் கழித்து லாக்கர்பி. அங்கேயும் ஆள் இல்லாத பெட்டி என்றுதான் தீர்ப்பு சொல்கிறது.

இன்று நீங்கள் விமானத்தில் உட்கார்ந்திருக்கும்போது, இன்னார் ஏறவில்லை, அவர் பெட்டியை இறக்குகிறோம், தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று அறிவிப்பு வரும். பக்கத்தில் ஒருவர் சலித்துக்கொள்வார். அந்த இருபது நிமிடம் இந்தப் பிணங்களின் மேல் வந்தது. ஹோல்டுக்குள் இருட்டில் முழங்கால் போட்டு, நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவில் டேக் நம்பரைப் பார்த்துப் பார்த்து ஒரு பெட்டியைத் தேடி எடுக்கும் லோடர் பையன்களை எனக்குத் தெரியும். நானும் தேடியிருக்கிறேன். சலித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. குண்டு போட்ட ஓட்டை ஒன்றும் பெரிதில்லை, அரை மீட்டர் அளவுதான். உள்ளே காற்றழுத்தம் அதிகம், வெளியே குறைவு. அந்தக் கிழிசல் ஓடி, சில விநாடிகளில் விமானத்தின் முன்பகுதி தனியாகக் கழன்றுவிட்டது. கீழே விழுந்த அதிர்வை எஸ்க்டேல்முயர் நிலநடுக்க நிலையம் 1.6 என்று பதிவு செய்தது. தொடரில் வீட்டுச் சுவர்கள் நடுங்குவதை மிகைப்படுத்திவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வழக்காடி | ஆகஸ்ட் 9, மாலை 4.10

சார், நீங்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த டிசம்பர் 5 அன்றே ஹெல்சின்கியில் இருந்த அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு போன் வந்தது. பிராங்க்ஃபர்ட்டிலிருந்து அமெரிக்கா போகும் பான் ஆம் விமானத்தில் குண்டு வைப்போம் என்று. அந்தத் தகவல் மாஸ்கோ தூதரகத்தில் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டது. அதிகாரிகளுக்குத் தெரிந்தது, டிக்கெட் வாங்கிய மாணவர்களுக்குத் தெரியவில்லை. அந்த போன் பிறகு வெற்று மிரட்டல் என்று முடிவானாலும், எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று பெற்றோர்கள் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

கிளாஸ்கோ அக்கா | ஆகஸ்ட் 9, இரவு 8.55

பிள்ளைகளே, நான் யாழ்ப்பாணம், இருபத்தேழு வருசமாக கிளாஸ்கோவில் நேர்ஸ். இங்கிலாந்துப் பக்கம் போகும்போதெல்லாம் மோட்டார்வே ஓரத்தில் லாக்கர்பி என்ற பலகை வரும். முதல் பத்து வருசம் இறங்கவே இல்லை. பிறகு ஒரு நாள் என்னோடு வேலை செய்த ஒரு ஸ்கொட்டிஷ் மனிசி, எங்கட பகுதிதான், வா காட்டுறேன் என்று கூட்டிக்கொண்டு போனா.

ட்ரைஃப்ஸ்டேல் மயானத்தில் நினைவுத் தோட்டம் இருக்கிறது. கல்லில் 270 பெயர்களும் வெட்டியிருக்கிறார்கள். விமானத்தில் வந்தவர்கள், வீட்டில் இருந்தவர்கள் என்று பிரிக்கவில்லை. எல்லாரும் ஒரே கல்லில். சிலருக்கு அந்த மண்ணிலேயே கல்லறையும் இருக்கிறது.

அங்கிருந்து மூன்று நாலு மைல் தள்ளி டண்டர்கார்த் என்று ஒரு சின்னக் கோயில், எங்கட சனம் தேவாலயம் என்று சொல்லுமே, அது. றோட்டுக்கு மற்றப் பக்கம் உள்ள வயலில்தான் விமானத்தின் மூக்குப் பகுதி விழுந்து கிடந்தது. உலகம் முழுக்கப் பேப்பரில் வந்த படம் அந்த இடம்தான். இப்ப போனால் புல்லும் ஆடும்தான். காற்று சத்தம். கோயில் வளவுக்குள் ஒரு சின்னக் கல் அறை இருக்கிறது, பூட்டுவதில்லை. உள்ளே பெயர்ப் புத்தகம், வந்தவர்கள் எழுதும் புத்தகம். நான் பார்த்த பக்கத்தில் ஒருவர் திகதியும் தன் பெயரும் எழுதி, இந்த வருசமும் வந்தேன் என்று மட்டும் எழுதியிருந்தார்.

இனி குறுக்குத்துறை தம்பிக்கு. உங்கட கோபம் எனக்கு விளங்குது. நானும் அந்த ஸ்கொட்டிஷ் மனிசியிடம் இதைத்தான் கேட்டேன், ஏன் தோய்த்தனீங்கள் என்று. அவவின் மாமி தோய்த்த ஆக்களில் ஒருத்தி. அவ சொன்னது, எடுத்து வந்த உடுப்புகள் கிழமைக்கணக்காக மழையிலும் சேற்றிலும் கிடந்தவை, எண்ணெய் ஊறினவை. அதில் எந்தப் பிள்ளையின் வாசமும் மிச்சம் இருக்கவில்லை. எரிந்த எண்ணெய் வாசம் மட்டும்தான். அந்த மாமிக்குச் சரியாகப் பட்டது ஒன்றுதான்: ஒரு தாய் பெட்டியைத் திறக்கும்போது முதல் முகத்தில் அடிப்பது விமானம் விழுந்த வாசமாக இருக்கக் கூடாது.

உங்கட அம்மாவின் பெட்டியில் இருப்பது தம்பியின் வாசம். அது வேறு.

இன்னொரு விசயம், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். இந்தக் கிழமை யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் தோண்டி எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும், சனம் வந்து அடையாளம் காட்டுவதற்காக, நீதிமன்ற உத்தரவில் பார்வைக்கு வைத்தார்கள். போனில் படங்களைப் பார்த்துக்கொண்டுதான் இந்தத் தொடரையும் பார்த்தேன். பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

நொய்யல்கரை | ஆகஸ்ட் 9, இரவு 9.20

அக்கா. படித்தேன்.

ஊஞ்சல்பலகை | ஆகஸ்ட் 9, இரவு 9.31

கூட இருக்கிறோம் அக்கா.

தேன்கூடு | ஆகஸ்ட் 10, காலை 8.02

இழைக்குப் புதிது. ஒரு சின்னத் தகவல். லாக்கர்பி பள்ளியிலிருந்து ஒவ்வொரு வருடமும் இரண்டு மாணவர்கள் ஒரு வருடம் சிராகியூஸ் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகிறார்கள். உதவித்தொகை. 35 பிள்ளைகள் வீடு போய்ச் சேராத இடத்துக்கு, அவர்கள் விழுந்த ஊரிலிருந்து பிள்ளைகள் போகிறார்கள். வாஷிங்டன் பக்கத்தில் ஆர்லிங்டன் கல்லறையில் இருக்கும் நினைவுக் கோபுரமும் ஸ்காட்லாந்திலிருந்து கொண்டு போன 270 சிவப்பு மணற்கற்களால் கட்டியதுதான்.

இரண்டு தொடரில் எதை முதலில் பார்க்கலாம்? அகமதாபாத்துக்குப் பிறகு எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

வழக்காடி | ஆகஸ்ட் 10, காலை 10.44

தேன்கூடு, ஸ்கை தொடரின் முதல் பாகம் ஊரில் விமானம் விழுவதை நேராகக் காட்டுகிறது. அதைத் தாங்க முடியாது என்றால் பான் ஆம் 103-இலிருந்து தொடங்குங்கள். சம்பவம் நடந்த பிறகான வேலைதான் அதில் அதிகம்.

நேற்று ஆறுதலைவிட உண்மை பெரிது என்று எழுதினேன். அதை அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை. இரவெல்லாம் யோசித்தேன்.

இந்த வழக்கை நான் சட்டம் படிக்கும் காலத்திலிருந்து பின்தொடர்கிறேன். நெதர்லாந்தில் கேம்ப் சைஸ்ட் என்ற பழைய விமானத் தளத்தை ஸ்காட்லாந்து நீதிமன்றமாக மாற்றி, ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேரில் மெக்ராஹிக்கு ஆயுள், ஃபிமாவுக்கு விடுதலை. மெக்ராஹியை அடையாளம் காட்டிய முக்கிய சாட்சி அதே மால்டா துணிக்கடைக்காரர். நொய்யல்கரை சொன்ன அந்தப் பேண்ட்டையும் குழந்தை உடுப்பையும் வாங்கியவர் இவரைப் போல இருந்தார் என்று சொன்னார். எப்போதோ ஒரு நாள் கடைக்கு வந்து போன வாடிக்கையாளரின் முகம், பல வருடம் கழித்து. லேபிள் பொய் சொல்லாது, ரெஜிஸ்தர் பொய் சொல்லாது. ஆனால் மனித ஞாபகம்? 2007-இல் ஸ்காட்லாந்தின் வழக்கு மறுஆய்வு ஆணையம், தவறான தீர்ப்பாக இருக்க வாய்ப்பு உண்டு என்று மேல்முறையீட்டுக்கு அனுப்பியது. 2009-இல் புற்றுநோய் முற்றிய நிலையில் கருணை அடிப்படையில் விடுவித்தார்கள், அதற்கு முன்பே அவர் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றிருந்தார். 2012-இல் இறந்தார். குடும்பம் மறுபடி வழக்காடி 2021 ஜனவரியில் தோற்றது. 2022 டிசம்பரில் மசூத் என்ற இன்னொரு லிபியர், குண்டைச் செய்தவர் என்ற குற்றச்சாட்டில் அமெரிக்கக் காவலுக்கு வந்தார்.

அமெரிக்கக் குடும்பங்களில் பலர் மெக்ராஹிதான் குற்றவாளி என்பதில் உறுதியாக இருக்கிறார்கள். ஸ்வயரும் வேறு சில பிரிட்டிஷ் பெற்றோரும் இல்லை என்கிறார்கள். ஒரே விமானத்தில் பிள்ளையை இழந்தவர்கள். என் தனிப்பட்ட கருத்து, அந்த அடையாளம் காட்டலை வைத்து நம் ஊர் செஷன்ஸ் கோர்ட்டில்கூட நிம்மதியாகத் தண்டிக்க முடியாது. சொல்ல வந்தது அதுவல்ல. முப்பத்தாறு வருடம் ஆகியும் உண்மை எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கவில்லை. அந்தப் பெண்கள் மடித்துக் கொடுத்த சட்டை மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் யாருக்கும் தகராறு இல்லை.

மீனம்பாக்கத்தான் | ஆகஸ்ட் 10, பகல் 11.30

வழக்காடி சார், இதை நீங்கள் எழுதியது பெரிய விஷயம்.

தொடரில் மெரிட் வீவர் நடித்த காத்ரின் டர்மன் பாத்திரத்தை யாரும் சொல்லவில்லையே. நிஜத்தில் அமெரிக்க நீதி அமைச்சக அதிகாரியான அந்த அம்மையார்தான் விசாரணையை நெதர்லாந்து வரை போக முடியாத குடும்பங்களும் பார்க்கும்படி நியூயார்க், வாஷிங்டன், லண்டன், டம்ஃப்ரீஸ் என்று திரை வைத்து ஏற்பாடு செய்ததில் முன்நின்றவர். அதற்கு முன்னால் குடும்பங்களை யாரும் ஒரு தரப்பாகவே மதித்ததில்லை. விமானம் விழுந்த பிறகு நியூயார்க் விமான நிலையத்துக்கு சவப்பெட்டிகள் சரக்குப் பகுதி வழியாக வந்ததைப் பார்த்த பெற்றோர்கள் பட்ட அவமானத்தை மறக்கவே இல்லை. நான் சரக்குப் பகுதியிலும் வேலை பார்த்தவன். வளைகுடாவிலிருந்து நம் ஆட்களின் பெட்டிகள் அப்படித்தான் வரும், ஃபோர்க்லிஃப்டில். என்னால் முடிந்தது, குடும்பத்தார் நிற்கும் பக்கம் வருவதற்குள் ஃபோர்க்லிஃப்டை நிறுத்தச் சொல்லி, நான்கு பேராகக் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்போம். மேலதிகாரி ஒருவர் நேரம் ஆகிறது என்று திட்டுவார். ஆகட்டும் சார் என்று சொல்லிவிட்டுத் தூக்குவோம்.

ஊஞ்சல்பலகை | ஆகஸ்ட் 10, பகல் 12.05

மீனம்பாக்கத்தான் ஐயா, உங்களுக்கும் உங்களோடு தூக்கிய மற்ற மூன்று பேருக்கும் என் வணக்கம்.

குறுக்குத்துறை, நேற்றிலிருந்து உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதில் எழுதத் தோன்றினால் எழுதுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

குறுக்குத்துறை | ஆகஸ்ட் 11, காலை 6.20

எல்லோருக்கும் நன்றி. கிளாஸ்கோ அக்கா எழுதியதை நேற்று சாயங்காலம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இப்படி வெளிநாட்டில் ஒரு ஊரில் விமானம் விழுந்தது, ஊர்ப் பெண்கள் துணியைத் துவைத்துக் கொடுத்தார்கள் என்று கதையையும் சொன்னேன். தம்பியைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவதே கிடையாது.

அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் பொம்பளைங்க நனைக்கிறதுக்கு முன்னாடி பாக்கெட்ட எல்லாம் பாத்தாங்களாமா?"

எனக்குத் தெரியவில்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

ஊஞ்சல்பலகை | ஆகஸ்ட் 11, காலை 7.15

பார்த்தார்கள் தம்பி. எல்லாப் பொருளையும் ஊரில் ஒரு கிடங்கில் வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, எண் போட்டு, கம்ப்யூட்டரில் பதிந்த பிறகுதான் போலீஸ் துணிகளை அந்தப் பெண்கள் கையில் கொடுத்தது. சாட்சியமாக வேண்டியது தனி, குடும்பத்துக்குப் போக வேண்டியது தனி. அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மா ஏன் அதைக் கேட்டார்கள்?

குறுக்குத்துறை | ஆகஸ்ட் 11, காலை 7.50

தம்பி சட்டைப் பாக்கெட்டில் அன்று அவன் வந்த பஸ் டிக்கெட் இருக்கிறதாம். கிழித்துத் தருவார்களே, அந்தப் பழைய தாள் டிக்கெட். நனைத்தால் எழுத்து போய்விடும் என்றுதான் துவைக்கவில்லையாம். வெளியே எடுத்து வைத்துவிட்டுத் துவைத்திருக்கலாமே அம்மா என்றேன். அவன் வைத்த இடத்தில் இருக்கட்டும் என்றார்.

பதினாறு வருடமாக வாசத்துக்காகத்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.